தொடரோட்டக் குழாய் ரியாக்டர்: நுண்துகள் தயாரிக்கவும் வினைவேகம் அளக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பீக்கரில் கால்சியம் குளோரைடு கரைசலை வைத்து, மேலிருந்து சோடியம் கார்பனேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பாருங்கள். முதல் சொட்டு விழுந்த இடத்தில் வெள்ளையாக ஒரு புகை எழும்; அது கால்சியம் கார்பனேட் துகள்கள். காந்தக் கலக்கி அதை இழுத்துப் பரப்பும். பத்து நிமிடம் கழித்துக் கடைசிச் சொட்டு விழும்போது பீக்கர் முழுக்கத் துகள்கள். அந்தச் சொட்டு புதுத் துகளை உண்டாக்குவதைவிட, ஏற்கெனவே இருக்கிற துகள்களின் மேல் ஒட்டிக்கொள்ளவே பார்க்கும். வடிகட்டி நுண்ணோக்கியில் வைத்தால் பொடிசும் பெரிசுமாக ஒரு கலவை தெரியும். நாளைக்கு இதையே மறுபடி செய்தால் வேறொரு கலவை.

முதல் சொட்டுக்கு ஒரு வாழ்க்கை, கடைசிச் சொட்டுக்கு இன்னொரு வாழ்க்கை. கோளாறு இங்கேதான் இருக்கிறது. குழாய் ரியாக்டரில் இரண்டு கரைசலும் ஒரு முனையில் சந்திக்கும், கலக்கும், குழாய் வழியே ஓடும், மறுமுனையில் வெளியேறும். ஓட்ட வேகம் மாறாத வரை, கலக்கும் இடத்திலிருந்து எத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் பார்க்கிறீர்களோ, வினை தொடங்கி அத்தனை நேரம் ஆகிவிட்டது என்று அர்த்தம். தூரமே நேரம். 1923-இல் கேம்பிரிட்ஜில் ஹார்ட்ரிட்ஜும் ரஃப்டனும் இந்த ஒரே யோசனையை வைத்து, ஹீமோகுளோபினும் ஆக்சிஜனும் சேரும் வேகத்தை மில்லிவினாடிக் கணக்கில் அளந்தார்கள். வேகமான மின்னணுக் கருவிகள் வராத காலம் அது.

கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்தத் தூரம்–நேரம் கணக்கைக் காப்பாற்றத்தான். அது எங்கே உடைகிறது என்று தெரிந்துவிட்டால் மீதி வேலை பிளம்பிங் மாதிரி.

படி 1: எந்த வேலைக்கு என்று முடிவு செய்யுங்கள்

கரைந்த பொருள்களுக்கு இடையிலான வினையின் வேகத்தை அளப்பது ஒரு வேலை. துகள் தயாரிப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே குழாயில் செய்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்தது. விட்டுவிடுங்கள். முதல் வேலைக்கு ஒல்லியான குழாய் வேண்டும், இரண்டாவதற்கு அது அடைத்துக்கொள்ளும். ஏன் என்பது கணக்கில் தெரியும்.

படி 2: கணக்கு

உள்விட்டம் 1.6 மி.மீ., நீளம் 10 மீட்டர் உள்ள ஒரு குழாயை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு சுமார் 20 மி.லி. நிமிடத்துக்கு 4 மி.லி. ஓடவிட்டால் சராசரித் தங்கும் நேரம் 5 நிமிடம், அதாவது 300 வினாடி. ஓட்ட வேகம் வினாடிக்கு 3.3 செ.மீ. தண்ணீருக்கு ரெனால்டு எண் சுமார் 53 வரும். ரெனால்டு 1883-இல் சாயம் விட்டுப் பார்த்ததுபோல் ஓட்டம் கலைந்து சுழல வேண்டுமானால் அந்த எண் 2,000-ஐத் தாண்ட வேண்டும். நம்முடையது அதன் பக்கத்தில்கூட இல்லை. ஓட்டம் சாதுவாக, அடுக்கடுக்காகத்தான் போகும்.

சாதுவான ஓட்டத்தில்தான் சிக்கல். சுவரை ஒட்டிய திரவம் நகரவே நகராது. நடுவில் ஓடுவது சராசரியைப்போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஆக, நடுவே போகும் திரவம் 150 வினாடியிலேயே வெளியே வந்துவிடும். சுவரோரம் போவது நிதானமாக வந்துகொண்டே இருக்கும். 300 வினாடி என்று நீங்கள் நோட்டில் எழுதியது வெறும் சராசரி.

இதற்கு மருந்து, மூலக்கூறுகள் குறுக்காக விரவுவது. நடுவில் இருப்பது ஓரத்துக்கும், ஓரத்தில் இருப்பது நடுவுக்கும் போய் வந்துகொண்டிருந்தால், எல்லா மூலக்கூறும் கொஞ்சம் வேகம், கொஞ்சம் மெதுவு என்று அனுபவித்து, கடைசியில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வெளியே வரும். ஜி. ஐ. டெய்லர் 1953-இல் இதைக் கணக்காக்கிக் காட்டினார். குறுக்காக விரவ ஆகும் நேரம் தோராயமாக ஆரத்தின் வர்க்கத்தை விரவல் கெழுவால் வகுத்தால் கிடைக்கும். தண்ணீரில் சிறு மூலக்கூறுகளுக்கு அந்தக் கெழு வினாடிக்கு 0.001 சதுர மி.மீ. என்ற அளவில் இருக்கும். 1.6 மி.மீ. குழாயில் இந்த நேரம் 640 வினாடி; தங்கும் நேரமே 300 வினாடிதான் என்பதால் பலன் இல்லை. உள்விட்டம் 0.5 மி.மீ. ஆனால் 62 வினாடி. அப்போது 300 வினாடிப் பயணத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் பலமுறை குறுக்காக அலைந்துவிடும்.

திரவம் வெளியே வரும் நேரம் எவ்வளவு சிதறுகிறது என்று காட்ட, விரவல் எண் என்று ஒன்று சொல்வார்கள். அது 0.01-க்குக் கீழே இருந்தால் எல்லாத் திரவமும் ஒன்றாக நகர்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 0.5 மி.மீ. குழாய்க்கு இங்கே அது 0.004 வருகிறது. பத்து மீட்டர் நீளம், நிமிடத்துக்கு 0.4 மி.லி. ஓட்டம், அழுத்த இழப்பு 0.4 பார். சாதாரண சிரிஞ்ச் பம்ப் தாங்கும்.

குழாயைச் சுருளாகச் சுற்றினாலும் கொஞ்சம் உதவும். வளைவில் நடுத்திரவம் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு, குறுக்கே இரண்டு சுழல்கள் உண்டாகும். 1920-களில் இதை ஆராய்ந்த டீனின் பெயரால் டீன் எண் என்று சொல்கிறோம். 1.6 மி.மீ. குழாயை 10 செ.மீ. விட்டமுள்ள உருளையில் சுற்றினால் அது 7-ஐக்கூட எட்டாது. அதை மட்டுமே நம்பியிருக்க முடியாது.

படி 3: துகளுக்கு என்றால், ஓட்டத்தைத் துண்டு போடுங்கள்

அகலக் குழாய் வேண்டும், ஆனால் எல்லாத் திரவமும் ஒன்றாக நகரவும் வேண்டும். இதற்கு ஒரு அழகான வழி, தண்ணீரோடு கலக்காத இன்னொரு திரவத்தை இடையிடையே செருகுவது. எண்ணெய், நீர், எண்ணெய், நீர் என்று ரயில் பெட்டிகள்போல ஓடும். முன்னால் போகிற பெட்டியைப் பின்னால் வருவது முந்த முடியாது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரிலுள்ள ஈபிஎஃப்எல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பொடித் தயாரிப்புக்காக இந்த முறையை வளர்த்தெடுத்தார்கள்.

நம் 1.6 மி.மீ. குழாயில் ஒரு நீர்ச் சொட்டு 4 மி.மீ. நீளம் என்றால், அதன் அளவு 8 மைக்ரோலிட்டர். நீர்க்கரைசல்கள் இரண்டும் தலா 1 மி.லி., எண்ணெய் 2 மி.லி. என்று நிமிடத்துக்கு ஓடினால், வினாடிக்குச் சுமார் 4 சொட்டு கிளம்பும். ஒவ்வொன்றும் தனி பீக்கர். எல்லா பீக்கருக்கும் ஒரே செறிவு, ஒரே வெப்பநிலை, ஒரே நேரம்.

எண்ணெயாக நான் பயன்படுத்துவது டோடெகேன். எளிதில் ஆவியாகாது, கையாள்வது சுலபம். ஆனால் எரியக்கூடியது, பக்கத்தில் தீ கூடாது. குழாய் கட்டாயம் டெஃப்லான் வகையாக இருக்கட்டும், முடிந்தால் உள்ளே தெரிகிற எஃப்இபி. டெஃப்லானை எண்ணெய் நனைக்கும், தண்ணீர் நனைக்காது. அதனால் சொட்டுக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், துகள் சுவரைத் தொடவே தொடாது. 1961-இல் பிரெதர்டன் தந்த சூத்திரத்தில் நம் எண்களைப் போட்டால் அந்தப் படலம் சுமார் 10 மைக்ரோமீட்டர் வருகிறது. அதன் காரணமாகச் சொட்டு சராசரி ஓட்டத்தைவிட இரண்டு, மூன்று சதவீதம் வேகமாகப் போகும், கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் குழாயில் எல்லாம் தலைகீழ். தண்ணீர் சுவரை நனைக்கும், எண்ணெய் சொட்டாகிவிடும், துகள்கள் சுவரில் படியும். பார்க்க அழகாக இருக்கிறதே என்று நான் முதலில் கண்ணாடிச் சுருளில்தான் தொடங்கினேன். இருபது நிமிடத்தில் உள்ளே வெள்ளையடித்த மாதிரி ஆகிவிட்டது.

எண்ணெய்க்குப் பதில் காற்றைச் செருகலாமா? கரைசல் வினைகளுக்குச் செய்யலாம். துகளுக்கு வேண்டாம், காற்று சுவரை நனைக்காது, பாதுகாப்புப் படலம் கிடைக்காது. அழுத்தம் மாறினால் காற்று சுருங்கி விரிவதால் வேகமும் ஆடும்.

படி 4: கலக்கும் இடம்

முழு அமைப்பிலும் என்னை அதிகம் அழவைத்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1950-இல் லாமரும் டினிகரும் கந்தகக் கூழ்மங்களை வைத்து ஒன்றைச் சொன்னார்கள். மீதெவிட்டல் (கரையக்கூடிய அளவைவிட அதிகமாகக் கரைந்திருக்கும் நிலை) ஒரு எல்லையைத் தாண்டும்போது கருக்கள், அதாவது துகள் வளரத் தொடங்கும் நுண்ணிய விதைகள், ஒரே வீச்சில் பிறந்துவிட்டு, உடனே அது எல்லைக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். பிறகு புதுக் கரு கிடையாது, இருப்பவை மட்டும் வளரும். அப்போதுதான் எல்லாத் துகளும் ஒரே அளவாக இருக்கும். ஆகவே கரு பிறக்கும் முன்பே கலந்து முடித்துவிட வேண்டும். கலக்க ஆகும் நேரம் கரு பிறக்கும் நேரத்தைவிட நீண்டால், பீக்கரில் நடந்த கூத்து 8 மைக்ரோலிட்டருக்குள் மறுபடி நடக்கும்.

கரு பிறக்க எவ்வளவு நேரம் என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை. இரண்டு கரைசலையும் சம அளவு எடுத்து, ஒரு சோதனைக் குழாயில் ஒரே வீச்சாகக் கொட்டி, எத்தனை வினாடியில் கலங்குகிறது என்று பாருங்கள். கால்சியம் கார்பனேட்டுக்கு 0.1 மோலாரில் கண் இமைக்கும் முன் பால் மாதிரி ஆகிவிடும். முதல் முயற்சிக்கு 0.02 மோலாரில் தொடங்குங்கள், மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

டீ வடிவ இணைப்பில் இரண்டு கரைசலும் சேர்ந்து, அதன் பின் எண்ணெய் வெட்டும்படி அமைப்பது ஒரு முறை. நடுவில் இருக்கும் அந்தத் துண்டுக் குழாயை எவ்வளவு சின்னதாக வைக்க முடியுமோ அவ்வளவு சின்னதாக வையுங்கள். அங்கே எண்ணெய்ப் படலம் இல்லை. வேகமான வினை என்றால் நான்கு வழி இணைப்பில் இரண்டு கரைசலும் எண்ணெயும் ஒரே புள்ளியில் சந்திக்கட்டும்.

சொட்டுக்குள்ளே எப்படிக் கலக்கிறது என்பது பலருக்குத் தெரியாத விஷயம். நகரும் சொட்டுக்குள் திரவம் சும்மா இருப்பதில்லை. நடுவில் முன்னோக்கியும் ஓரத்தில் பின்னோக்கியும் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் குழாய் நேராக இருந்தால் அச்சுக்கு இருபுறமும் தனித்தனிச் சுழல். இடது பாதியில் ஒரு கரைசல், வலது பாதியில் இன்னொன்று என்று கிளம்பினால் அப்படியே நீண்ட தூரம் போகும். வளைவு வந்தால்தான் அந்தச் சமச்சீர் குலைந்து இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று மடியும். எனவே இணைப்புக்குப் பிறகு முதல் 20 செ.மீ. குழாயை எட்டு வடிவத்தில் இறுக்கமாகச் சுற்றுங்கள். ஒரு பக்கத்தில் சாயம் விட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நேர்க்குழாயில் பாதிச் சொட்டு மட்டும் நிறமாக நகரும். மூன்று, நான்கு வளைவு தாண்டியதும் ஒரே நிறமாகிவிடும்.

எண் வேண்டும் என்றால் அயோடைடு–அயோடேட் சோதனை இருக்கிறது. கலவை சரியாக இல்லாத இடத்தில் அமிலம் தேங்கி அயோடின் வெளிப்படும், வெளியேறும் திரவம் மஞ்சளாகும். மஞ்சள் குறைய குறையக் கலவை நன்றாக இருக்கிறது என்று பொருள்.

படி 5: பம்ப்

சிரிஞ்ச் பம்ப் போதும். விரல் அழுத்துவதுபோல் குழாயைப் பிசைந்து தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்ப் துடித்துத் துடித்துத் தள்ளும். சொட்டுகள் ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமாக வரும். இரண்டு கரைசல் பம்புகளும் வெவ்வேறு தாளத்தில் துடித்தால் சொட்டுக்குச் சொட்டு விகிதமே மாறிவிடும். ஒவ்வொரு பம்பையும் தராசின் மேல் பாத்திரம் வைத்து பத்து நிமிடம் ஓடவிட்டு எடை பாருங்கள். திரையில் காட்டும் எண்ணை நம்பாதீர்கள்.

படி 6: வெறும் தண்ணீரில் ஓட்டம்

கரைசலைத் தொடுமுன் தண்ணீரும் எண்ணெயும் மட்டும் ஓடட்டும். சொட்டு நீளம் விட்டத்தைப்போல இரண்டு முதல் நான்கு மடங்கு, எல்லாம் ஒரே அளவு. ஒரே ஒரு சொட்டில் சாயம் வரும்படி ஊசியால் சின்னதாகச் செலுத்தி, ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள். வெளியே வரும்போது அந்த நிறம் ஒன்றிரண்டு சொட்டுக்குள் அடங்கியிருக்க வேண்டும். பின்னால் வரும் சொட்டுகளிலும் இளநிறம் தொடர்ந்தால் எங்கோ சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்கின்றன, அல்லது ஒரு இணைப்பில் இடைவெளி இருந்து திரவம் தேங்குகிறது. என் அனுபவத்தில் பெரும்பாலும் இரண்டாவதுதான்: குழாய் முனையைச் சாய்வாக வெட்டியிருப்போம்.

படி 7: துகள் ஓட்டம்

கரைசல்களை முதலில் மிக நுண்ணிய வடிதாளில் வடிகட்டுங்கள். தூசு ஒவ்வொன்றும் ஒரு கரு. சுருளை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வெப்பநிலையை நிறுத்துங்கள். இந்த 1.6 மி.மீ. குழாயில் ஒரு கன மீட்டர் திரவத்துக்கு 2,500 சதுர மீட்டர் சுவர் கிடைக்கிறது. ஒரு மீட்டர் விட்டமுள்ள உருளைத் தொட்டியில் பக்கச்சுவர் 4 சதுர மீட்டர்தான். வெப்பம் ஒரு பிரச்சினையாகவே இருக்காது.

எண்ணெயை முதலில் தொடங்குங்கள், அது குழாய் முழுக்க நனைத்ததும் கரைசல்கள். முதல் மூன்று தங்கும் நேரம், இங்கே 15 நிமிடம், வருவதைக் கழித்துவிடுங்கள். அதற்கு மனம் வராமல் சேர்த்துவைத்த மாதிரிகள்தான் பின்னால் வரைபடத்தில் தனியே நின்று முழிக்கும்.

துகள் படியுமா என்று ஒரு கணக்கு. 1 மைக்ரோமீட்டர் கால்சியம் கார்பனேட் துகள் தண்ணீரில் வினாடிக்குச் சுமார் 1 மைக்ரோமீட்டர்தான் இறங்கும். 10 மைக்ரோமீட்டர் துகள் நூறு மடங்கு வேகமாக, பதினேழு வினாடியில் குழாயின் அடியைத் தொட்டுவிடும். சொட்டுக்குள் இருக்கும் சுழற்சி ஓரளவு தூக்கிக்கொண்டே இருக்கும். சுருளின் அச்சைப் படுக்கையாக வைத்தால் ஒவ்வொரு சுற்றிலும் மேல்பக்கம் கீழாகிவிடும், அதுவும் உதவும்.

வெளியே வந்ததும் வேலை முடியவில்லை. அரை மணி நேரம் ஒரே குடுவையில் சேர்த்தால், முதல் சொட்டு கடைசிச் சொட்டைவிட அரை மணி நேரம் மூத்தது. குழாயில் காப்பாற்றிய நேரத்தைக் குடுவையில் கோட்டை விடாதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து உடனே வடிகட்டி, தண்ணீரால் கழுவி, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவுங்கள். அது தண்ணீரோடும் டோடெகேனோடும் கலக்கும், இரண்டையும் ஒருசேர விரட்டிவிடும். ஈரத்தில் விட்டால், கால்சியம் கார்பனேட்டின் ஒரு படிக வடிவமான உருண்டை வாட்டரைட் கரைந்து, சாய்சதுர முகங்களுள்ள இன்னொரு வடிவமான கால்சைட்டாக மறுபடி படிகமாகும். எது எவ்வளவு என்பதை அகச்சிவப்பு நிறமாலையில் பார்க்கலாம்: வாட்டரைட்டுக்கு 745 செ.மீ.⁻¹, கால்சைட்டுக்கு 712 செ.மீ.⁻¹ அருகே கோடு வரும்.

விளைச்சலில் பெரிய ஆசை வேண்டாம். 0.02 மோலாரில் முழுதும் வீழ்படிந்தாலும் மணிக்கு 120 மில்லிகிராம்.

படி 8: வினைவேகம் அளக்க

இதற்கு 0.5 மி.மீ. குழாய். பழகிக்கொள்ள நல்ல வினை, எத்தில் அசிட்டேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் சேரும் சோப்பாக்கல். ஹைட்ராக்சைடு அயனி மின்சாரத்தை அசிட்டேட்டைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு நன்றாகக் கடத்தும் என்பதால், வெளியே ஒரு கடத்துத்திறன் மானி வைத்தால் போதும். இதற்கு எண்ணெய்த் துண்டு முறை ஆகாது. எத்தில் அசிட்டேட் எண்ணெய்க்குள் ஓடிவிடும்.

இரண்டையும் 0.1 மோலாரில் எடுத்தால் கலந்தபின் 0.05. 25 டிகிரியில் வினைவேக மாறிலி சுமார் 0.11 லிட்டர்/மோல்/வினாடி. 300 வினாடியில் 62 சதவீதம் வினைபட வேண்டும். இப்போது இதையே 1.6 மி.மீ. குழாயில் செய்ததாக வைத்துக்கொள்வோம். குறுக்கு விரவல் அறவே இல்லை என்று கொண்டால், நடுவே ஓடும் திரவம் சீக்கிரமே வந்துவிடுவதால் 57 சதவீதம்தான் கிடைக்கும். வெறும் 5 சதவீதம்தானே என்று தோன்றும். அந்த 57-ஐச் சாதாரண இரண்டாம் வகை வினைச் சமன்பாட்டில் போட்டால் மாறிலி 0.088 என்று வரும். 20 சதவீதம் தப்பு. ஆனால் வரைபடம் பார்க்க நேர்த்தியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

தங்கும் நேரத்தை மாற்ற ஓட்டத்தைக் கூட்டிக் குறைப்பதே எல்லோரும் செய்வது. ஓட்டம் மாறினால் கலக்கும் தரமும் மாறும் என்பதை மறந்துவிடுவோம். எனவே ஒரே தங்கும் நேரத்தை இரண்டு வழியில் எடுங்கள்: 5 மீட்டர் குழாயில் ஒரு ஓட்டம், 10 மீட்டர் குழாயில் அதன் இரு மடங்கு ஓட்டம். இரண்டிலும் ஒரே விடை வந்தால் நீங்கள் அளப்பது வினையைத்தான். வேறு வேறாக வந்தால் அளப்பது உங்கள் இணைப்பை. ஹைட்ராக்சைடு கரைசல் காற்றிலிருந்து கார்பன் டைஆக்சைடை இழுக்கும், அன்றன்றைக்குத் தயாரியுங்கள்.

அடைப்பு வந்தால்

வரும். அழுத்தமானியை இணைப்புக்கு முன்னால் வையுங்கள். மெல்ல மெல்ல ஏறினால் சுவரில் படிகிறது, திடீரென்று ஏறினால் கட்டி மாட்டிக்கொண்டது. குழாய்க்குள் அழுத்தம் குறையாமல் பிடித்துவைக்கும், சுருள்வில் வைத்த பின்னழுத்த வால்வை வெளிமுனையில் போட்டு ஒருமுறை நான் பட்டேன். துகள் அதன் இருக்கையில் சேர்ந்து அடைத்து, பின்னால் ஒரு இணைப்பு பிடுங்கிக்கொண்டு, மேசை முழுக்க டோடெகேன். துகள் ஓட்டத்துக்குப் பின்னழுத்தம் வேண்டுமென்றால் சேகரிக்கும் கலனையே மூடி வாயு அழுத்தம் கொடுங்கள். கண்ணுக்குக் கவசம் எப்போதும் இருக்கட்டும்.

நிறுத்தும்போதும் வரிசை உண்டு. எண்ணெய் ஓடிக்கொண்டிருக்க, கரைசல்களுக்குப் பதில் தண்ணீரை மாற்றி இரண்டு தங்கும் நேரம் விடுங்கள். அப்புறம் நீர்த்த அமிலம். கார்பனேட் கரையும்போது வாயு வரும், வெளிமுனையை மூடிவிடாதீர்கள். பிறகு தண்ணீர், கடைசியாக ஆல்கஹால்.

அதிகம் வேண்டும் என்றால்

குழாயைப் பெரிதாக்காதீர்கள், விட்டம் மாறினால் சொட்டு, படலம், கலவை எல்லாம் மாறி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். அதே குழாயை எண்ணிக்கையில் கூட்டுங்கள். பத்துக் குழாய், பத்து மடங்கு. இதில் தலைவலி, ஒரே பம்பிலிருந்து பத்துக்கும் சமமாகப் பிரிப்பது. ஒரு குழாயில் கொஞ்சம் படிந்தாலும் அதன் ஓட்டம் குறைந்து, குறைந்ததால் இன்னும் படியும், மற்ற ஒன்பதும் வேகமெடுக்கும். ஒவ்வொரு கிளையின் தொடக்கத்திலும் ஒரு மெல்லிய குழாய்த் துண்டை வைத்து, அழுத்த இழப்பின் பெரும்பகுதி அங்கேயே விழும்படி செய்தால் இது அடங்கும்; விட்டத்தைப் பாதியாக்கினால் அதே ஓட்டத்துக்கு இழப்பு 16 மடங்கு என்பதால் சின்னத் துண்டே போதும். பிறகு பத்திலும் சாயச் சொட்டு விட்டு, பத்து முறை ஸ்டாப்வாட்ச்சை அழுத்துங்கள்.